சூடானால் நிற்கும் அம்பாசிடரும் விரல் நுனி அளவு கண்டென்சரும்

ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா வைத்திருந்த பெட்ரோல் அம்பாசிடர். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. மதிய வெயிலில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. கார்புரேட்டர் கழுவியாச்சு, பிளக் மாற்றியாச்சு, பேட்டரி புதுசு. ராசியில்லாத வண்டி, தள்ளிவிடு என்கிறார்கள். தள்ளிவிடலாமா?"

வேண்டாம். பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறந்து மூடித் தீப்பொறி வரவைக்கும் பாயிண்ட் இக்னிஷன் உள்ள பழைய வண்டிகளில் இது ரொம்பவும் தெரிந்த நோய், பெரிய செலவும் கிடையாது.

ஆனால் இந்த வகைப் பழுது ஆளை ஏமாற்றும். நின்றுபோன வண்டிக்கு என்ன செய்தாலும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும். கார்புரேட்டரைத் தட்டினாலும் கிளம்பும், பேட்டரி டெர்மினலைச் சுரண்டினாலும் கிளம்பும், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாலும் கிளம்பும். கிளம்ப வைத்தது ஆறிப்போன இன்ஜின். பேர் வாங்கிக்கொள்வது இடையில் யார் எதைச் செய்தார்களோ அது. மருந்து ஆராய்ச்சியில் மருந்து கொடுக்காத ஒரு குழுவையும் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதேதான்: தானாகச் சரியாகிற ஒன்றுக்கு எல்லா வைத்தியமும் பலித்ததாகத் தெரியும். திருஷ்டி கழிப்பது அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ராசி சரியில்லை என்று சொல்லி, நன்றாக இருக்கிற வண்டியைக் காயலான் கடை விலைக்குத் தள்ள வைப்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம். அதனால் சோதனை எதுவானாலும் வண்டி நின்ற அந்த நிமிடமே, இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும்.

சந்தேகப்பட வேண்டியது இரண்டு பேரை. முதல் ஆள் பெட்ரோல். அது பல திரவங்களின் கலவை, அதில் லேசானவை 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். அம்பாசிடரில் பெட்ரோலை இழுக்கும் பம்ப் இன்ஜின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, பின்னால் இருக்கிற டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும், இது பள்ளியில் படித்ததுதான். குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் பம்ப் அடித்தாலும் பெட்ரோல் வராது. பழைய டாக்ஸி டிரைவர்கள் பம்ப்மேல் ஈரத்துணி சுற்றி வைத்தார்களே, அது அசல் பௌதிகம்.

இரண்டாவது ஆள் தீப்பொறி. யார் குற்றவாளி என்று பிரிப்பது சுலபம். நல்ல பிளக் ஒன்றை உபரியாக வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் ஏதாவது ஒரு பிளக் வயரை உருவி, அந்த உபரி பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடம்பை இன்ஜின் பிளாக்கோடு கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கையில் பிடிக்க வேண்டாம், பெட்ரோல் வாசனை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். சடசடவென்று நீலப் பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, சோகையாக வந்தாலோ வராமலே போனாலோ, டெல்கோ, அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், அதன் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்த மூடிக்குக் கீழேதான் இருக்கிறது.

பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும், வோல்ட்டை அப்படி ஏற்றிக் கொடுக்கும் கம்பிச் சுருளான காயில் 20,000 வரைகூடக் கொடுக்கும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங்கின் டெல்கோ நிறுவனம் 1910 மாடல் கேடிலாக் கார்களுக்குச் செய்து கொடுத்த இந்த ஏற்பாட்டின் அடிப்படை பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. காயிலுக்குள் இரும்புத் தண்டின்மேல் இரண்டு சுற்றுகள்: தடித்த கம்பியில் சில நூறு, மெல்லிய கம்பியில் அதைப்போல் நூறு மடங்கு. பாயிண்ட் மூடியிருக்கும்போது தடித்த சுற்றில் 4 ஆம்பியர் அளவில் மின்சாரம் ஓடி காந்தப்புலம் உருவாகும். பாயிண்ட் திறந்ததும் மின்சாரம் அறுபட்டுப் புலம் சரியும், மெல்லிய சுற்றில் மின்னழுத்தம் எழும். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்ததுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புலம் எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு வோல்ட். ஆனால் பாயிண்ட் திறப்பது ஒரே வெட்டாக நடப்பதில்லை. முழுதாகத் திறந்தாலே இடைவெளி 0.4 மில்லிமீட்டர்தான், திறக்கத் தொடங்கும் கணத்தில் அது ஏறக்குறைய பூஜ்யம். சுருளில் ஓடும் மின்சாரம் பாரம் ஏற்றி ஓடுகிற வண்டி மாதிரி, நில் என்றால் உடனே நிற்காது. அந்த மயிரிழை இடைவெளியைத் தாவிப் பொறியாக எரிந்துகொண்டே ஓடப் பார்க்கும். அப்படி ஓடினால் புலம் மெதுவாகத்தான் சரியும், பிளக்குக்குப் போக வேண்டிய சக்தியெல்லாம் பாயிண்ட் முகத்தைப் பொசுக்குவதில் போய்விடும்.

இதைத் தடுக்கத்தான் பாயிண்டுக்குப் பக்கவாட்டில், விரல் நுனி அளவில் ஒரு தகர உருளை, கண்டென்சர். மைக்ரோஃபாரடில் கால் பங்குக்கும் குறைவான கொள்ளளவு. பாயிண்ட் விலகும் கணத்தில் அதே ஓடும் வண்டிக்கு இது ஒரு மேடு வைத்துக் கொடுக்கிறது. மின்சாரம் பாயிண்டைத் தாவுவதற்குப் பதில் கண்டென்சரில் ஏறுகிறது. ஏற ஏற எதிர் அழுத்தம் கூடுகிறது, அது 200, 300 வோல்ட் ஆகும் நேரத்துக்குள் பாயிண்ட் பொறி தாவ முடியாத தூரத்துக்கு விலகிவிடுகிறது. மேட்டின் உச்சியில் மின்சாரம் நின்று பின்னோக்கி உருளத் தொடங்கும்போது புலம் சரிந்து முடிந்திருக்கும். எல்லாம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய நேரம். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 தடவை இது நடக்க வேண்டும். இத்தனைக்கும் அதில் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

பழைய கண்டென்சர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நீளமான மெல்லிய உலோகத் தகடுகளும் நடுவில் மின்காப்புத் தாளும் இறுக்கமாகச் சுருட்டி இருக்கும், தகட்டின் விளிம்பை வெளி வயரோடு சேர்க்கும் இணைப்பு ஒன்று இருக்கும். இன்ஜின் சூட்டில் எல்லாம் விரியும்போது அந்த இணைப்பு விட்டுப்போனால் மேடு காணாமல் போய்விடும், பொறி பாயிண்டிலேயே எரிந்து தீரும். தாள் பழுதாகி தகடுகள் ஒன்றையொன்று தொட்டால் வேறு கதை: பாயிண்ட் திறந்தாலும் மின்சாரம் அறுபடாது, பிளக்கில் பொறியே வராது. ஆறியதும் சுருங்கி, விட்ட இணைப்பு மறுபடி சேரும், ஒட்டிய தகடும் சில சமயம் விலகும். அரை மணி நேர மர்மம் இவ்வளவுதான்.

சரி, நிரூபிப்பது எப்படி? மூடியைத் திறந்துவைத்து, நிழலான இடத்தில் செல்ஃப் அடித்து பாயிண்டைப் பாருங்கள். துளிப் பொறி இயல்பு. வெல்டிங் மாதிரி பளீரென்று தெறித்தால் கண்டென்சர் போய்விட்டது. பாயிண்ட் முகமும் சொல்லும்: ஒன்றில் குழி, எதிரில் அதே அளவுக்கு மேடு என்றால் கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம்.

இதைவிட உறுதியான வழி, புது கண்டென்சர் ஒன்றில் முதலைவாய் கிளிப் மாட்டி வண்டியிலேயே வைத்திருப்பது. நின்றதும் பழையதன் வயரைக் கழற்றி எதிலும் படாமல் ஒதுக்கிவிட்டு, புதியதன் வயரை காயிலில் டெல்கோவுக்குப் போகும் முனையிலும் அதன் உடம்பை பாடி எர்த்திலும் கடிக்கவிடுங்கள். இன்ஜின் இன்னும் கொதிக்கிறது, ஆறுவதற்கு நேரமே கொடுக்கவில்லை. இந்த நிலையில் ஸ்டார்ட் ஆனால் அந்தப் பெருமை வேறு எதற்கும் போக வழியில்லை. ஆகவில்லை என்றால் காயிலைப் பாருங்கள், அதன் உள் சுற்றும் சூட்டில் விட்டுப்போகும். தடித்த சுற்றின் மின்தடை 3 ஓமை ஒட்டி இருக்க வேண்டும், சூட்டோடு அளக்கும்போது மீட்டர் எங்கேயோ ஏறிப்போனால் அதை மாற்றுங்கள்.

புதியதை மாட்டும்போது பாயிண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். குழி விழுந்த பாயிண்டில், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் மேடுகளின் உச்சியில்தான் உட்காரும், குழிக்குள் இறங்காது. கேஜ் 0.4 காட்டினாலும் உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும்.