சிம்ப்ளொக்கே: ரோமின் வளர்ச்சிக்குப் பொலிபியஸ் தேர்ந்த சொல்

சிம்ப்ளொக்கே என்பது கிரேக்கச் சொல். ரோம் வளர்ந்த கதையை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைக் கையாண்டார், இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதுதான் இங்கே பேச்சு. முன்னால் உள்ள 'சின்' என்பதற்குச் 'சேர்த்து' என்று பொருள் ('ப்' ஒலிக்கு முன்னால் வரும்போது 'சிம்' ஆகிவிடும்), பின்னால் உள்ளது 'ப்ளெக்கேயின்' என்ற வினை, அதாவது பின்னுதல். தலைமுடி, கயிறு, கூடை, மலர்வளையம் இதெல்லாம் கையால் பின்னுகிறோமே, அந்தப் பின்னுதல். தறியில் நெய்வதற்குக் கிரேக்கர்களிடம் வேறு வினை இருந்தது. அதனால் இந்தச் சொல்லை 'நெசவு' என்றோ 'ஊடுபாவு' என்றோ பெயர்த்தால் கேட்க அழகாக இருக்கும், ஆனால் கொஞ்சம் தள்ளிப் போய்விடும். இதே வேரின் லத்தீன் கிளையில் பிறந்ததுதான் காம்ப்ளெக்ஸ். ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அதுவேதான்.

பின்னுதல் என்றவுடன் மென்மையான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு மல்லர்கள் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு புரள்வதும் சிம்ப்ளொக்கேதான், போரில் இரு படைகள் மோதிக் கைகலப்பதும் அதுவேதான். தத்துவத்திலும் இந்தச் சொல் உண்டு: வடிவங்கள் (பொருள்களுக்குப் பின்னால் அவர் கண்ட பொதுக் கருத்துகள்) ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் பேச்சே நமக்குக் கிடைக்கிறது என்று 'சோபிஸ்ட்' உரையாடலில் பிளேட்டோ எழுதுகிறார். அடுத்தடுத்த வாக்கியங்கள் ஒரே சொல்லில் தொடங்கி ஒரே சொல்லில் முடிந்தால் அதற்கு அணியியலில் இதே பெயர், ஆனால் அது நமக்கு இங்கே வேண்டாம்.

வரலாற்றில் இதைக் கலைச்சொல் ஆக்கியவர் பொலிபியஸ். கி.மு. 200 வாக்கில் ஆர்க்காடியாவின் மெகலோபொலிஸ் நகரில் பிறந்தவர், அப்பா லிக்கோர்ட்டஸ் அகாயக் கூட்டணியின் (தென்கிரேக்க நகரங்கள் சேர்ந்த கூட்டணி) பெரிய தலைவர்களில் ஒருவர், பொலிபியசும் அந்தக் கூட்டணியின் குதிரைப்படைத் தலைவர் பதவி வரைக்கும் வந்துவிட்டார். கி.மு. 168-இல் பிட்னா போரில் கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த மக்கெதோனியா ரோமரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டே, ரோமுக்கு முழுமனதாக உதவவில்லை என்று சந்தேகப்பட்டு அகாயர்கள் 1,000 பேரை ரோமர்கள் இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள், அதில் இவரும் ஒருவர். விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. கி.மு. 150-இல் அனுப்பிவைத்தபோது மிஞ்சியவர்கள் 300-க்கும் குறைவு. பொலிபியசுக்கு மட்டும் கொஞ்சம் யோகம்: ஸ்கிப்பியோ எமிலியானஸ் என்ற ரோமப் பிரபுவோடு நட்பு கிடைத்து, ரோமிலேயே தங்கி, தன் மக்களை வென்றவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தே 40 நூல்கள் கொண்ட வரலாற்றை எழுதினார். முதல் ஐந்து முழுதாகவும் மற்றவை துண்டு துண்டாகவும் கிடைக்கின்றன.

அவர் கேட்ட கேள்வி நேரானது. 53 ஆண்டுகளுக்குள் (கி.மு. 220 முதல் 167 வரை) மனிதர் வாழும் உலகம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே ரோமின் கீழ் வந்தது எப்படி? 'முழு உலகம்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், மத்தியதரைக் கடலைச் சுற்றிய உலகம் அது. இந்துகுஷ் மலைக்கு அப்பால் ஒரு மன்னரிடம் மேற்காசியாவை ஆண்ட மூன்றாம் அந்தியோகஸ் யானைகள் வாங்கி வந்ததைப் பொலிபியசே சொல்கிறார், அந்த மன்னர் ரோமுக்குக் கீழே இல்லை.

சரி, பதிலுக்கு வருவோம். அதுவரை உலகச் சங்கதிகள் சிதறிக் கிடந்தன, ஓரிடத்தில் நடந்ததற்கும் இன்னோரிடத்தில் நடந்ததற்கும் தொடர்பு இல்லை, 140-ஆம் ஒலிம்பியாட் (ஒலிம்பிக் போட்டிகளை வைத்து எண்ணும் நான்காண்டுக் கணக்கு, இது கி.மு. 220–216) முதல் வரலாறு ஓர் உடம்பு போல ஆகிறது, இத்தாலியிலும் ஆப்பிரிக்காவிலும் நடப்பவை கிரேக்கத்திலும் ஆசியாவிலும் நடப்பவற்றோடு பின்னிக்கொள்கின்றன, எல்லாம் ஒரே முடிவை நோக்கிப் போகின்றன என்கிறார். அந்தப் பின்னலுக்குத்தான் சிம்ப்ளொக்கே என்று பெயர்.

இது எங்கே தொடங்கியது என்பதற்கு அவர் இடத்தையே காட்டுகிறார். கி.மு. 217. மக்கெதோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பு நெமிய விளையாட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தாலியில் திராசிமீன் ஏரியருகே, வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமப் படையை நொறுக்கிவிட்டார் என்று கடிதம் வருகிறது. பிலிப்பு அதைத் தன்னோடு இருந்த ஆலோசகர் பாரோசின் தெமெத்ரியஸ் ஒருவரிடம் மட்டும் காட்டுகிறார். அவர் கொடுத்த யோசனை, ஏட்டோலியர் என்ற கிரேக்கக் கூட்டணியோடு நடக்கும் சண்டையைச் சீக்கிரம் முடித்துவிட்டு இத்தாலியைப் பாருங்கள் என்பது. அப்புறம் நவ்பாக்டஸ் என்ற கிரேக்க ஊரில் ஏட்டோலியரோடு சமாதானப் பேச்சு. அங்கே அகெலாஸ் என்பவர் எழுந்து, மேற்கே ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடக்கிற சண்டையில் யார் வென்றாலும் இத்தாலியோடும் சிசிலியோடும் நிற்கப்போவதில்லை, அங்கே தெரிகிற மேகம் இங்கே வந்து கவிந்துவிட்டால் நாம் விரும்பியபோது சண்டை போடவும் சமாதானம் ஆகவும் உள்ள உரிமைக்கே தெய்வங்களிடம் கெஞ்ச வேண்டிவரும் என்றார். இந்தப் பேச்சில் எவ்வளவு அகெலாசுடையது, எவ்வளவு பின்னால் நடந்ததெல்லாம் தெரிந்த பொலிபியசுடையது என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து பொலிபியஸ் எழுதுவது: அன்று முதல் பிலிப்பை எதிர்த்தவர்கள் கிழக்கே அந்தியோகசையோ தெற்கே எகிப்தின் மன்னர் தாலமியையோ தேடிப் போகவில்லை, மேற்கே திரும்பினார்கள், சிலர் கார்த்தேஜுக்கும் சிலர் ரோமுக்கும் தூது அனுப்பினார்கள். அதாவது ரோம் வந்து பிடிப்பதற்கு முன்பே இவர்கள் போய் அதன் கையைப் பிடித்தார்கள். இரண்டே ஆண்டில் பிலிப்பு ஹன்னிபாலோடு ஒப்பந்தமும் போட்டுவிட்டார்.

கிரேக்கத்தின் சங்கதிகள் இத்தாலியோடும் ஆப்பிரிக்காவோடும் பின்னிக்கொண்டது 'அன்றுதான் முதன்முதலாக' என்று பொலிபியஸ் சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு. கி.மு. 229-லேயே ரோமப் படை கடல் கடந்து, இத்தாலிக்கு எதிர்க்கரையில் உள்ள இல்லிரியாவில் இறங்கியது, அதையும் அவரே எழுதியிருக்கிறார்.

பின்னல் எவ்வளவு இறுகியது என்பதற்கு கி.மு. 168-ஐப் பாருங்கள். மூன்றாம் அந்தியோகசின் மகன் நான்காம் அந்தியோகஸ் எகிப்துக்குள் படையோடு நிற்கிறார். ரோமத் தூதர் போப்பிலியஸ் தன் கைக்கோலால் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டு, வெளியே வருமுன் பதில் சொல் என்கிறார். மன்னர் பணிந்து படையைத் திருப்பிக்கொண்டு போகிறார். பொலிபியசின் கருத்தில், பிட்னா வெற்றிச் செய்தி வந்து அதை நம்பியிராவிட்டால் அந்தியோகஸ் பணிந்திருக்க மாட்டார். மக்கெதோனியாவில் ஒரு போர் முடிகிறது, நைல் கரையில் ஒரு படை திரும்புகிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். 'உலகமயமாதல்' என்றால் சந்தையும் சரக்கும் வந்து நிற்கும், அது பொருந்தாது. 'ஒருங்கிணைப்பு' என்றால் யாரோ கூட்டம் போட்டு முடிவெடுத்தது போல இருக்கிறது. 'சிக்கல்' குறை சொல்கிறது. 'பின்னல்' வேருக்கு மிக நெருக்கம், ஆனால் அதில் மல்லர் பிடி இல்லை. என் தேர்வு 'பிணைவு'. கொடிகள் பிணையும், பாம்புகள் பிணையும், மல்லரும் பிணைவார்கள். பிணை என்றால் ஈடு என்றும் பொருள். பிணைக்கைதி என்று சொல்கிறோமே, ரோமில் பொலிபியசின் நிலைமை அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

'பிணைப்பு' ஏன் கூடாது? பிணைதல் என்றால் தானாகச் சேர்வது, பிணைத்தல் என்றால் ஒருவர் கட்டுவது. பொலிபியசிடம் இரண்டும் இருக்கின்றன. ஹன்னிபாலை வென்ற பிறகுதான் ரோமர்கள் துணிந்து மற்ற நாடுகள் மேல் கைநீட்டினார்கள், அதன் பின் உலக ஆட்சியே அவர்கள் குறி என்கிறார். அந்தக் கட்டத்துக்குப் பிணைப்பு சரியாகவே பொருந்தும். எல்லாவற்றையும் ஒரு முனைக்குத் திருப்பியது தைக்கே என்னும் விதித்தெய்வம் என்றும் ஓரிடத்தில் சொல்லிவைக்கிறார் (இதை 'ஊழ்' என்று பெயர்த்தால் வினைப்பயன் உள்ளே நுழைந்துவிடும், 'நற்பேறு' என்றாலும் முழுசாக வராது). ஆனால் கி.மு. 217-இல் நவ்பாக்டசில் யாரும் யாரையும் கட்டவில்லை. தங்கள் தங்கள் கணக்கோடு வந்தவர்கள் தாமாகவே மாட்டிக்கொண்டார்கள். சிம்ப்ளொக்கே என்று அவர் சொல்வது அதைத்தான் என்பதால், வரலாற்று நூல்களில் 'பிணைவு' என்றும், வினையாக வரும்போது 'பிணைந்தன' என்றும் எழுதலாம். போர் வருணனையில் இதே சொல் வந்தால் 'கைகலப்பு' போதும்.