பழைய ஜீப்புக்குச் செலவு செய்வதா, மாற்றுவதா? முதலில் சேஸிஸைப் பாருங்கள்

போடிநாயக்கனூரிலிருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் ஜீப்புகளைப் பழுது பார்ப்பது என் தொழில். இந்த வண்டிக்கு இன்னும் செலவு செய்யலாமா, இல்லை கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடலாமா என்பதுதான் தோட்டக்காரர்களும் வாடகை ஜீப் வைத்திருப்பவர்களும் பட்டறையில் அதிகமாகக் கேட்கும் கேள்வி. வண்டி மேட்டில் இழுக்காமல் புகை தள்ளத் தொடங்கிய பிறகோ, ஆர்.சி. புதுப்பிக்கும் தேதி நெருங்கிய பிறகோதான் பெரும்பாலும் இது எழுகிறது. அந்த நேரத்தில் எல்லோருடைய கவனமும் இன்ஜின் மேலேயே இருக்கிறது. இன்ஜின் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகை கட்டுப்படியானால் உடனே பிரித்துவிடச் சொல்கிறார்கள். அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். முடிவு இன்ஜினிலிருந்து அல்ல, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்குக் காரணம் ஜீப் கட்டப்பட்டிருக்கும் முறையிலேயே இருக்கிறது. 1947இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பொருத்தி விற்கத் தொடங்கிய மகிந்திராவின் வரிசையில் வந்த எம்.எம். 540, மேஜர், கமாண்டர் ஆகட்டும், 1985இல் அறிமுகமான மாருதி ஜிப்ஸி ஆகட்டும், எல்லாமே தனிச் சேஸிஸின் மேல் மற்ற பாகங்களை ஏற்றி முடுக்கிய வண்டிகள். இன்ஜின், கியர்பாக்ஸ், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி, சரிசெய்து, தேவைப்பட்டால் வேறொன்றை வாங்கிப் பொருத்திவிடலாம். மலைப்பகுதியில் இந்த வண்டிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் ஓடுவதற்கு அந்த எளிமைதான் காரணம். ஆனால் இவை அனைத்தையும் தாங்கி நிற்கும் சேஸிஸ் அப்படியன்று. அதில்தான் சேஸிஸ் எண் அடிக்கப்பட்டிருக்கிறது, ஆர்.சி.யில் இருக்கும் வண்டி என்பது சட்டத்தின் கண்ணில் அந்த எண்ணைத் தாங்கிய இரும்புதான். வேறொரு சேஸிஸை வாங்கி அதன் மேல் பழைய எண்ணை அடித்துக்கொள்வது குற்றம். ஆகவே சேஸிஸ் போய்விட்டால் வண்டி போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

சேஸிஸ் எப்படிக் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உரிமையாளர்கள் பார்க்காத இடம் இதுதான். தோட்டப் பாதையில் சக்கரம் வாரியடிக்கும் சேறு சேஸிஸ் சட்டத்தின் உட்பக்கத்தில் போய் அப்பிக்கொள்கிறது. வண்டியைக் கழுவும்போது வெளிப்பக்கம் மட்டும் சுத்தமாகிறது; உள்ளே தங்கிய சேறு மழைக்காலம் முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஸ்பிரிங் பட்டைகளைச் சேஸிஸோடு பிணைக்கும் சாக்கிள் இருக்கும் இடங்கள், இரண்டு பக்கச் சட்டங்களையும் இணைக்கும் பின்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர், பாடி போல்ட் இறங்கும் இடங்கள், பெட்டி போல மூடப்பட்ட முன்பகுதிச் சட்டங்கள் ஆகியவற்றில் இரும்பு உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே துரு தெரியும் நாளில் உள்ளே பாதிக் கனம் போயிருக்கும். கடலோரத்தில் ஓடிய வண்டியாக இருந்தால் உப்புக் காற்றும் சேர்ந்து இதை விரைவுபடுத்தும். குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று கடற்கரை ஊர்களிலிருந்து வண்டி வாங்கிவருபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

துருவை விடவும் நான் அதிகம் அஞ்சுவது விரிசலுக்கு. குண்டும் குழியுமான பாதையில் ஒரு சக்கரம் மேலேயும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது சேஸிஸ் முறுகுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி முறுகி முறுகி, ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தப்பட்ட இடத்திலும், முன் ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸில் பிடித்திருக்கும் தொங்கியிலும், இன்ஜின் மவுண்டின் அருகிலும் மயிரிழை போல விரிசல் தோன்றும். இதைப் பார்க்க வண்டியை மேலேற்றி, அடிப்பகுதியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, விளக்கு வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இரும்பு மந்தமாக ஒலிக்கும். தடித்த ஸ்குரூ டிரைவரின் முனையை அழுத்தினால் உள்ளே இறங்கும் இடமும் உண்டு. அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட்டோ தாரோ பூசியிருந்தால், அதைச் சுரண்டிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். இந்தச் சோதனைக்கு அரைநாள் கூலிதான் ஆகும்.

ஒரு கிராஸ் மெம்பர் அரித்துப்போயிருந்தால் அதை வெட்டியெடுத்துப் புதிதாக வைக்கலாம். ஓரிடத்தில் விரிசல் இருந்தால் அதன் முனையில் துளையிட்டு, மேலும் ஓடாமல் நிறுத்தி, பற்றவைத்துத் தகடு கொடுத்து வலுப்படுத்தலாம். இவை நியாயமான வேலைகள். ஆனால் ஏற்கெனவே பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விட்டிருந்தால், அல்லது இரண்டு பக்கச் சட்டங்களிலும் பல இடங்களில் இரும்பு மெலிந்திருந்தால், அந்த வண்டிக்கு மேற்கொண்டு பணம் போட வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பற்றவைக்கும் சூடு பக்கத்து இரும்பின் தன்மையை மாற்றிவிடுகிறது. பலவீனம் இடம் மாறுமே தவிர தீராது. வேறொரு இடத்தில் இன்ஜினை முழுதாகப் புதுப்பித்துக்கொண்டு, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்று மட்டும் சொல்லி இங்கே வந்த வண்டிகளில், முன் ஸ்பிரிங் தொங்கி சேஸிஸோடு பெயரத் தொடங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்ஜினுக்குப் போட்ட பணம் அங்கே முழுவதும் வீண். மாறாக, இன்ஜின் அடியோடு போய், ஆனால் அடிச்சட்டம் உறுதியாக இருந்த ஜீப்புகள், வேலை முடித்துப் போன பிறகு இன்றும் தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன.

சேஸிஸ் நல்ல நிலையில் இருந்தால்தான் அடுத்து இன்ஜினைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை அழுத்தமாக வெளியே தள்ளுகிறதா, குளிர்ந்த நிலையில் தொடங்கியதும் நீலப் புகை நிற்காமல் வருகிறதா, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை மட்டும் என்றால் டீசலைச் செலுத்தும் பம்ப்பும் நாசிலும் சரிசெய்தால் போதும் என்ற நிலையாகவும் இருக்கலாம். அதற்காக இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. முழு வேலை என்றால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இதற்கு முன் எத்தனை முறை அரைக்கப்பட்டது என்று கேளுங்கள். தேய்ந்த கிராங்கை அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு என்று சைஸ் இறக்கி அரைத்து, அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். கடைசி சைஸுக்கு வந்துவிட்ட கிராங்கை இன்னொரு முறை அரைக்க முடியாது. வேறு கிராங்க் வாங்க வேண்டும், மதிப்பீடும் அங்கேயே மாறிவிடும். பழைய மகிந்திரா ஜீப்புகளில் வந்த பியூஜோ டீசல் இன்ஜின்களுக்குப் பாகம் கிடைக்கிறதா, கிடைத்தாலும் தரமானதா என்பதை, பிரிப்பதற்கு முன்பே மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் பினியன் ஆகியவற்றில் சத்தம் வந்தால் அதுவே வண்டியை மாற்றுவதற்குக் காரணமாகாது. ஓடை கடக்கும் வண்டிகளில் ஆக்சிலின் காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து கியர் ஆயில் பால்போல வெளுத்துவிடும். அந்த ஆயிலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பேரிங்கும் பல்சக்கரமும் போகும். மழைக்காலம் முடிந்ததும் ஆயிலை இறக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தச் செலவு வராது.

பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வண்டியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நாட்களிலும் அவை சரியாக இருக்க வேண்டும். எப்படியும் விற்கப்போகிறோம், எதற்குப் பிரேக்குக்குச் செலவு என்று நினைப்பவர்கள் அடுத்த நாளும் அதே வண்டியில் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைச்சாலையில் இறங்குகிறார்கள். பழைய ஜீப்புகள் சிலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்றுதான் இருக்கிறது. துருப்பிடித்த ஒரு குழாய் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் அதற்குரிய குறைந்தபட்ச அளவு 140 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டை எட்டுவது கடினமன்று; ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்ததும் மிதிக்கட்டை அடிவரை இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலை முழுதாக மாற்றுங்கள். கிங் பின் பேரிங், டை ராட் எண்ட், ஸ்பிரிங் புஷ் ஆகியவை தேய்ந்து முன்சக்கரம் உதறும் வண்டியையும் அப்படியே ஓட்டாதீர்கள்.

இனி பணக் கணக்கு. வண்டியின் சந்தை விலையோடு பழுதுச் செலவை ஒப்பிட்டு, இரண்டு லட்சம் பெறாத வண்டிக்கு ஒன்றே முக்கால் லட்சம் செலவா என்று கேட்கிறார்கள். அது சரியான அளவுகோல் அன்று. செலவு செய்தபின் வண்டி எத்தனை ஆண்டு நம்பிக்கையாக ஓடும் என்பதே அளவுகோல். எடுத்துக்காட்டாக, 1,80,000 ரூபாய் செலவழித்து ஐந்து ஆண்டு ஓடினால் மாதம் 3,000 ரூபாய்தான் ஆகிறது. அதே செலவு ஓராண்டுதான் தாங்கும் என்றால் மாதம் 15,000 ரூபாய். புதிய வண்டிக்கு 9 லட்சம் ரூபாய் கடனை 10 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 19,000 ரூபாய் வரும். ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் விற்றால் நல்ல விலை பெறும் வண்டியொன்று கையில் இருக்கும். ஐந்து ஆண்டா ஓராண்டா என்பதைத் தீர்மானிப்பது, நான் தொடக்கத்தில் சொன்ன அடிச்சட்டம்தான். இதோடு, வண்டி நிற்கும் நாட்களுக்கான வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் எடுப்புக் காலத்தில் வண்டி படுத்தால் ஆட்களை ஏற்றவும் காயை இறக்கவும் வெளி ஜீப்புதான். ஆகையால் பெரிய வேலைகளைக் கோடையிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஆவணங்களைப் பற்றித் தவறான செய்திகள் நிறைய உலவுகின்றன. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியை ஓட்டக்கூடாது என்பது டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்கான நீதிமன்ற உத்தரவை ஒட்டியது. அது தமிழ்நாட்டுக்கு உரியதன்று. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்ததும் பதிவு காலாவதியாகும் என்ற விதி அரசு வாகனங்களுக்கானது. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டணம் முன்போல இல்லை. இலகுரக நான்கு சக்கர வண்டிக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது; 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இன்ஜினையே மாற்றுவதாக இருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்று, புதிய இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு கோரும்போது அந்த முரண்பாடே முதல் தடையாக நிற்கும்.

மாற்றுவதென்று முடிவானால், எதை வாங்குவது என்பதிலும் நிதானம் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில், கரித்துகளைப் பிடித்துவைத்து எரித்துவிடும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, வண்டி ஓரளவு வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறையாவது சமவெளிச் சாலையில் ஓட்ட வாய்ப்பில்லாதவர்கள் பெட்ரோல் வண்டியையோ, நல்ல நிலையிலுள்ள சற்றே பழைய டீசல் வண்டியையோ பார்ப்பது பொருத்தம். பழையதை வாங்கினால் மேலே சொன்ன சேஸிஸ் சோதனையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

இருந்தாலும், குடும்பத்தையோ ஆட்களையோ அன்றாடம் ஏற்றிச் செல்பவர்களுக்கு, கணக்கு எப்படி இருந்தாலும் புதிய வண்டியின் பக்கமே என் பரிந்துரை சாயும். 2019 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த புதிய கார், ஜீப் வகைகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம்; 2022 ஜனவரியிலிருந்து முன்பக்க இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக்கும் கட்டாயம். கித்தான் மேற்கூரையும், பெல்ட் இல்லாத பக்கவாட்டு நீள இருக்கையும் கொண்ட பழைய ஜீப் கவிழ்ந்தால், உள்ளே இருப்பவர்களைத் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லை. எட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினைந்து பேரை ஏற்றுவதை எந்தப் பழுதுவேலையாலும் பாதுகாப்பானதாக்க முடியாது.

கடைசியாக, வண்டியைக் கழிப்பவர்களுக்கு ஒன்று. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தால், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே நீடிக்கும். அந்தச் சேஸிஸ் எண்ணோ நம்பர் பிளேட்டோ வேறு எங்காவது பயன்பட்டால் தேடிவருவது உங்களைத்தான். அரசுப் பதிவு பெற்ற கழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் அதற்கான சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் பதிவை ரத்து செய்யலாம். அடுத்து வாங்கும் சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை அளிக்க மத்திய விதிகள் இடம் தருகின்றன. சலுகையின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், வண்டியை ஒப்படைப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிலுவை வரியும், வங்கிக் கடன் குறிப்பும் இருந்தால் அவற்றையும் அப்போதே தீர்த்துவிடுங்கள்.