கனெக்‌ஷன் லீக்: கசிவா, நிலுவையா?

கூரையில் மழைத்தண்ணீர் சொட்டினால் ‘ஒழுகுது’ என்கிறோம். சுவரில் ஈரம் பூத்தால் ‘கசியுது’ என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘லீக்’தான், சொட்டுதலைக் குறிக்கும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லான ‘லெகா’வுக்கு உறவு. ‘கனெக்‌ஷன் லீக்’ என்பது மென்பொருள் தரவுத்தளத்திடம் வாங்கிய இணைப்பை மூடாமல் விட்டுவிடுவது. அதை ‘இணைப்புக் கசிவு’ என்று எழுதுவது சரி. சத்தமில்லாமல், மெதுவாக நடப்பது என்பதால் ஒழுக்கைவிடக் கசிவே பொருந்துகிறது.

ஆனாலும் இந்தச் சொல் படிப்பவரைத் தவறான பக்கம் தேட வைக்கிறது. எரிவாயுக் கசிவு, வினாத்தாள் கசிவு, தரவுக் கசிவு எல்லாவற்றிலும் உள்ளே இருந்தது வெளியே போய்விடுகிறது. இணைப்புக் கசிவில் எதுவும் வெளியே போவதில்லை. வாங்கியது திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

டாம்கேட் என்ற சர்வரில் ஓடும் ஒரு ஜாவா செயலியை எடுத்துக்கொள்வோம். அது தொடங்கும்போதே தரவுத்தளத்திடம் சில இணைப்புகளை வாங்கித் தொகுப்பாக வைத்துக்கொள்கிறது. இந்தத் தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ‘ஹிகாரி சிபி’ என்ற நிரல் நூலகம், நாம் எதுவும் மாற்றாவிட்டால் 10 இணைப்புகளை வைத்திருக்கும். நிரலைத் திருத்திவிட்டு, சர்வரை நிறுத்தாமல் செயலியை மட்டும் மறுஏற்றம் செய்கிறோம். பழைய தொகுப்பை யாரும் மூடவில்லை என்றால் அந்தப் பத்தும் அப்படியே நிற்கும். சர்வர் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இயங்குதளமும் அவற்றை அறுக்காது. புதிய செயலி வந்து இன்னும் பத்து வாங்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இணைப்புகளுக்கான இயல்பு வரம்பு 100. அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியவை. வேறு யாரும் பயன்படுத்தாவிட்டாலும் ஒன்பதாவது மறுஏற்றத்தில் கதவு அடைபடும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இயல்பு வரம்பு 151. அங்கே இன்னும் சில தடவை தாங்கும்.

செயலியை நிறுத்தும்போது, அது நீக்காமல் விட்ட ஜேடிபிசி டிரைவரை (ஜாவாவைத் தரவுத்தளத்தோடு பேச வைக்கும் நிரல்) தானே பதிவு நீக்கிவிட்டதாக டாம்கேட் தன் லாக்கில் எழுதும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். நீங்கியது டிரைவரின் பதிவு மட்டுமே, திறந்த இணைப்புகள் மூடப்படவில்லை. ஹிகாரியின் கசிவு எச்சரிக்கையும் இங்கே உதவாது. தொகுப்பிலிருந்து எடுத்ததை நிரல் திருப்பித் தராத கசிவைத்தான் அது பிடிக்கும். இங்கே தொகுப்பே கைவிடப்பட்டிருக்கிறது.

இரண்டு வகைக்கும் பொருந்தும் சொல் நம்மிடம் இருக்கிறது: நிலுவை. ‘நில்’ என்ற வேரோடு சேர்ந்தது, தீராமல் நிற்பது. கடைக்காரரின் கணக்கு நோட்டிலும் வரி ரசீதிலும் தினம் புழங்குகிறது. நிகழ்வை ‘இணைப்புக் கசிவு’ என்றும், மூடப்படாமல் நிற்கும் ஒவ்வொன்றையும் ‘நிலுவை இணைப்பு’ என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. நிலுவை என்றதும் வாங்கியவர் யார், எப்போது திருப்ப வேண்டும் என்ற கேள்வி தானாக வந்துவிடும். கசிவு என்றால் அந்தக் கேள்வி எழுவதில்லை.

திருப்ப வேண்டிய இடமும் இருக்கிறது. செயலி நிற்கும்போது அழைக்கப்படும் ‘கான்டெக்ஸ்ட் டெஸ்ட்ராய்டு’ என்ற முறையில் தொகுப்பை மூடும் ஒரு வரி போதும். அப்புறம் மறுஏற்றத்துக்கு முன்னும் பின்னும் போஸ்ட்கிரெஸ்ஸில் திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’யில் உங்கள் செயலியின் இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். முன்பு 10, பின்பு 20 என்றால் நிலுவை 10.