ஓட்டப் பாதைக்கு அளவுச் சான்றிதழ்: யார் அளக்கிறார்கள், எப்படி வாங்குவது?

2013, 2014, 2015 என மூன்று ஆண்டுகள் மான்செஸ்டர் மாரத்தான் நடந்த பாதை, 42.195 கிலோமீட்டருக்கு 380 மீட்டர் குறைவு என்று பிறகு தெரியவந்தது. 20,000-க்கும் மேற்பட்டவர்கள் ஓடிச் சேர்த்த நேரம் செல்லாமல் போனது. 1981 நியூயார்க் மாரத்தானில் ஆல்பெர்டோ சலாசர் 2:08:13-இல் ஓடியதை உலக சாதனை என்றார்கள். மறுபடி அளந்தபோது பாதை சுமார் 150 மீட்டர் குறைவாக இருந்தது. ஓடியவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை, ஆனாலும் இழப்பு அவர்களுக்குத்தான். அதனால்தான் ஓட்டம் நடத்தும் எவரும் அளவுச் சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கக் கூடாது என்கிறேன்.

சாலை ஓட்டப் பாதைகளுக்கான விதிகளை வகுப்பது உலக தடகள அமைப்பு. அதுவும் பன்னாட்டு மாரத்தான் மற்றும் தொலைதூர ஓட்டங்களின் சங்கமும் சேர்ந்து அளவீட்டாளர்களைத் தரம் பிரித்து அங்கீகரிக்கின்றன. பன்னாட்டுச் சான்றிதழுக்கு ‘ஏ’ அல்லது ‘பி’ தர அளவீட்டாளர் வந்து அளக்க வேண்டும்.

ஜிபிஎஸ் கைக்கடிகாரமோ, காரின் மீட்டரோ, இணைய வரைபடமோ இதற்கு உதவாது. ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை ஒன்றுதான்: அளவு திருத்திய சைக்கிள். முன்சக்கரத்தின் அச்சில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சிறு கருவியைப் பொருத்துவார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற அதில் எண் ஏறும். இப்போது புழக்கத்தில் உள்ள கருவிகளில் ஓர் எண் நகர்ந்தால் சைக்கிள் சுமார் 9 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

ஆனால் அந்த 9 சென்டிமீட்டர் எல்லா நாளும் ஒன்றல்ல. டயரில் காற்று, வெயில், ஓட்டுபவரின் எடை, எல்லாம் அதை மாற்றும். ஆகவே முதலில் நேரான, சமமான சாலையில் குறைந்தது 300 மீட்டரை எஃகு டேப்பால் அளந்து, இரு முனையிலும் ஆணி அடிப்பார்கள். டேப்பும் வெயிலில் நீளும். 20 டிகிரிக்குச் சரியாக உள்ள டேப், 35 டிகிரியில் 300 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். திருத்தாமல் விட்டால் மாரத்தான் தூரத்தில் அது 7 மீட்டராகிவிடும்.

ஆணியிலிருந்து ஆணிக்கு நான்கு முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் கவுண்டரைக் குறித்துக்கொள்வார்கள். சராசரி 3,375 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கிலோமீட்டருக்கு 11,250. அதை அப்படியே பயன்படுத்த மாட்டார்கள், 1.001-ஆல் பெருக்குவார்கள். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாக வைக்கும் இந்த ஏற்பாடு, சிறு பிழை வந்தாலும் பாதை குறைந்துவிடாமல் இருக்கத்தான். இதனால் மாரத்தான் பாதை 42 மீட்டர் கூடுதலாக அமையும். எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது: ஐம்பது அடி அதிகம் ஓடியவர் சாதனையை இழப்பதில்லை, ஐந்து அடி குறைவாக ஓடியவர் இழந்துவிடுவார். பாதையை அளந்து முடித்ததும் அதே ஆணிகளுக்கிடையே மறுபடி நான்கு முறை ஓட்டுவார்கள். காலையில் இருந்த டயர் மதியம் அதே டயர் இல்லை.

எந்தக் கோட்டில் ஓட்டுகிறார் என்பதுதான் உயிர்நாடி. ஓடுபவர் சட்டப்படி போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் சைக்கிள் போக வேண்டும். வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் என்றால் சாலையை நேர்கோடாகக் குறுக்கே வெட்டி. போக்குவரத்துக்கு எதிராகவும் ஓட்ட வேண்டியிருப்பதால் போலீஸ் துணை தேவை. பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோதான் இது நடக்கும். ஓட்டத்தன்று பலரும் இந்தக் கோட்டில் ஓடுவதில்லை. கடிகாரம் 42.6 காட்டினால் பாதை தப்பு என்று அர்த்தம் இல்லை.

நடத்துபவர் செய்ய வேண்டியது என்ன? அளவீட்டாளரை அழைக்கும் முன் பாதையை முடிவு செய்து, எந்தப் பக்கம் ஓட்டத்துக்கு, எங்கே தடுப்பு என்பதற்குப் போலீஸ் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பல சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. முழுச் சாலையும் கிடைக்கும் என்று அளந்துவிட்டு, பிறகு பாதிச் சாலைதான் என்றால் சான்றிதழ் அந்தப் பாதைக்குப் பொருந்தாது. அளவீட்டாளரின் பயணம், தங்குமிடம், கட்டணம் உங்கள் பொறுப்பு. அவர் அறிக்கையையும் வரைபடத்தையும் அனுப்புவார், அதைச் சரிபார்த்த பிறகே சான்றிதழ் வரும். பாதையில் மாற்றம் செய்யாதவரை பன்னாட்டுச் சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும்.

சாதனைக்குப் பாதையின் அமைப்பில் கூடுதல் நிபந்தனை இரண்டு: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஓட்டத் தூரத்தில் பாதிக்கு மேல் கூடாது, தொடக்கத்தைவிட முடிவு தாழ்ந்திருந்தால் அந்த இறக்கம் ஓட்டத் தூரத்தின் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. 2011-இல் பாஸ்டனில் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02-இல் ஓடியும் உலக சாதனை ஆகாததற்கு இதுவே காரணம். அங்கே தூரம் சரி, பாதையின் அமைப்புதான் விதிக்குள் வரவில்லை.

அப்புறம், வரைபடத்தைப் பத்திரமாக வையுங்கள். தொடக்கக் கோடு எந்த விளக்குக் கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர், திரும்பும் இடத்தில் கூம்பு எந்த ஆணியின் மேல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சாலையைப் புதிதாகப் போட்டு ஆணியும் பெயின்ட் குறியும் தாருக்கடியில் போய்விட்டால், கம்பத்திலிருந்து டேப் பிடித்து அதே புள்ளியை மறுபடி கண்டுபிடிக்க அந்தத் தாள் ஒன்றுதான் வழி.