கோணிச் சாக்கு குடிக்கும் தண்ணீர்

எவர்சில்வர் குடத்தைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவது, ஈரக் கால் துடைக்க வாசலில் மடித்துக் கால்மிதியாகப் போடுவது, கொத்தனார் புதுத் தூணில் சுற்றித் தண்ணீர் ஊற்றுவது எல்லாமே ஒரே காரணத்தால்தான் பலிக்கின்றன. சணல் நாருக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு ஆசை. பழைய சாக்கு கையில் கிடைத்ததும் பை தைக்கலாமா, செடி வைக்கலாமா என்று யோசிக்கிறோம். அதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது: இந்தச் சாக்கு இனி நனைந்தே இருக்கப்போகிறதா, காய்ந்தே இருக்கப்போகிறதா?

சணல் நாரில் ஏறக்குறைய 60 சதவீதம் செல்லுலோஸ், 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஹெமிசெல்லுலோஸ், 12 சதவீதம் போல லிக்னின். மூன்றுமே செடியின் உடலைக் கட்டும் பொருள்கள்; லிக்னின்தான் விறைப்பு தருவது. முதல் இரண்டிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் முனைகள் ஏராளம். காற்றில் உள்ள நீர் மூலக்கூறுகள் இந்த முனைகளில் வந்து ஒட்டிக்கொள்ளும். சணல் வணிகத்தில் 100 கிலோ உலர்ந்த நாருக்கு 13.75 கிலோ ஈரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பருத்திக்கு இது 8.5 கிலோதான். அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக எடையுள்ள ஒரு அரிசிச் சாக்கில், தொட்டால் காய்ந்திருக்கும்போதே 60, 70 கிராம் தண்ணீர் ஒளிந்திருக்கும். நனைத்துவிட்டால் கதையே வேறு. நூல்களுக்கு நடுவிலும் நாருக்குள் உள்ள நுண்ணிய குழிகளிலும் நுண்புழை விசையால், அதாவது மெல்லிய இடைவெளியில் நீர் தானே ஏறும் இயல்பால், தண்ணீர் ஏறி நிற்கும்.

இப்போது அந்தக் குடத்துக்கு வருவோம். மண்பானைக்குத் தானே வியர்க்கத் தெரியும், எவர்சில்வருக்குத் தெரியாது. ஈரச் சாக்கு சுற்றினால் அதுவும் வியர்க்கும். வெயில் நாளில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் முழுக்கக் குடத்துத் தண்ணீரிலிருந்தே போவதாக வைத்துக்கொண்டால், 10 மில்லி ஆவியானாலே ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிரும். நடைமுறையில் ஒரு பங்கு வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வரும், அதனால் கூடுதலாகத் தண்ணீர் செலவாகும், அவ்வளவுதான்.

ஆனால் ஊருக்கு ஊர் பலன் மாறும். 40 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரச் சாக்கு ஏறக்குறைய 26 டிகிரி வரை இறங்க முடியும். 35 டிகிரி, 70 சதவீதம் என்று புழுங்கும் கடற்கரை ஊரில் 30 டிகிரிக்குக் கீழே போகாது. சென்னையில் ஜன்னலுக்கு ஈரச் சாக்கு தொங்கவிட்டுப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அறையில் புழுக்கம்தான் கூடும். மதுரையில் மே மாதம் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கான்கிரீட்டில் வேலை நேர்மாறானது. அங்கே தண்ணீர் ஆவியாகிவிடக் கூடாது, ஏனென்றால் சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கலாம். நின்ற தூணில் எப்படித் தேக்குவது? அதற்குத்தான் சாக்கு. சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் அது ஈரமாகவே இருக்க வேண்டும். சாயங்காலம் ஊற்றிவிட்டு மறுநாள் மதியம் வரை காயவிட்டால் சாக்கு கட்டியும் பிரயோசனமில்லை.

இந்த ஈர ஆசைதான் சாக்குக்கு எமனும்கூட. நனைந்தே கிடக்கும் செல்லுலோஸைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் நொதி சுரந்து சர்க்கரையாக உடைத்துத் தின்னும். மாடித்தோட்டத்தில் சாக்கையே தொட்டியாக்கிக் கத்தரி வைத்தால் ஒரு போகம் தாங்கும், அடுத்ததற்குள் அடி விட்டுவிடும். அதுவரை வேருக்கு நல்ல யோகம். பிளாஸ்டிக் தொட்டியில் வேர் சுவரை முட்டி வட்டமடிக்கும். சாக்கிலோ ஓரத்துக்கு வந்த வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து, பின்னாலிருந்து புதுக் கிளைவேர்கள் விடும். தண்ணீர் மட்டும் அடிக்கடி ஊற்ற வேண்டும்.

கால்மிதி, கூடை உறை, கடைக்கு எடுத்துப்போகும் பை எல்லாம் காய்ந்தே இருக்க வேண்டிய கூட்டம். வெட்டுவதற்கு முன்பே வெட்டும் கோட்டின் இருபுறமும் தைத்துவிடுங்கள். நெசவு தளர்வானது என்பதால் கத்திரி பட்டதும் நூல் உருவிக்கொண்டு வரும். கால்மிதிக்கு நாலாக மடித்து, கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் போதும். லிக்னின் தரும் விறைப்பு செருப்பின் மண்ணைச் சுரண்டி எடுக்கும், இடைவெளிகள் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை உதறிக் காயவைக்கவும். வாஷிங் மெஷினில் மட்டும் போடாதீர்கள், உதிரும் நார் குழாயை அடைத்துவிடும்.

சாக்கில் அடிக்கும் மண்ணெண்ணெய் போன்ற வாசனை பெரும்பாலும் ஆலையிலிருந்தே வருவது. நாரை இளக்க, தண்ணீரோடு கலந்த தாது எண்ணெயை (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) தெளிப்பார்கள். துவைத்து வெயிலில் போட்டால் வாசனை குறையும், எண்ணெய் முழுதாகப் போகாது. கொழுப்புள்ள பண்டங்கள் அதை எளிதில் உறிஞ்சும் என்பதால்தான் கோகோ, காபிக் கொட்டைகளுக்குத் தாவர எண்ணெய் தெளித்த சாக்குகள் தனியாக இருக்கின்றன. வீட்டில் தைத்த சாக்குப் பையில் வெங்காயம், உருளை வைக்கலாம். வறுத்த கடலையை நேராகக் கொட்ட வேண்டாம்.

அப்புறம், இப்போது கிடைக்கும் சாக்குகளில் பல பிளாஸ்டிக் நெசவு. சந்தேகமிருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். சணல் காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு மணியாகும். கிழிந்து போன சணல் சாக்கைத் துண்டாக்கி உரக்குழியில் போடலாம். வாய் தைத்த நூல் பல சாக்குகளில் செயற்கை இழையாக இருக்கும், அதை மட்டும் முதலில் உருவி எடுத்துவிடுங்கள்.