பிரைவேட் ஐபி வாங்கியாச்சு, முன்வாசலைச் சாத்தினீர்களா?

மதுரை விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் எனக்கு வேலை கொடுக்கும் கடைகளில் இப்போது பெரும்பாலும் ஒரே அமைப்புதான். கிளவுடில் இரண்டு விர்ச்சுவல் சர்வர். ஒன்றில் பில்லிங், இன்னொன்றில் டேட்டாபேஸ், இரண்டும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ள ஒரு பிரைவேட் நெட்வொர்க், அதில் ஆளுக்கொரு பிரைவேட் ஐபி (உள் முகவரி). கன்ட்ரோல் பேனலில் டிக் அடித்தால் சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு வந்துவிடும். அத்தோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் டேட்டாபேஸ் இன்னும் பப்ளிக் ஐபியில் (இணையத்தில் யாரும் எட்டக்கூடிய முகவரியில்) ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். கொல்லைப்புறம் கதவு வைத்துவிட்டு முன்வாசலைத் திறந்துபோட்ட கதைதான்.

இதில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2017 தொடக்கத்தில் நடந்ததைச் சொல்வேன். பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்களை ஆயிரக்கணக்கில் துடைத்துவிட்டு, பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பை மட்டும் விட்டுப் போனார்கள். யாரும் குறிவைத்துத் தேடவில்லை. திறந்த போர்ட்டை, அதாவது சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசலை, தேடி இயந்திரங்கள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கின்றன, கடை சிறியதா பெரியதா என்று அவை பார்ப்பதில்லை.

முதலில் எந்த எண்ணைப் போடுவது? 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் மூன்று முகவரித் தொகுதிகளைத் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் உள்ளது 172.31-உடன் முடிந்துவிடும். 172.32 என்று போட்டால் அது வேறு யாருடைய பப்ளிக் முகவரியோ. 192.168.1-ஐயும் சர்வர் பக்கம் தவிர்த்துவிடுங்கள். கடை ரவுட்டர்கள் பெரும்பாலும் அதையோ 192.168.0-ஐயோதான் கொடுக்கும். நாளைக்குக் கடையிலிருந்து சர்வருக்கு விபிஎன் (இணையம் வழியே ஒரு தனிப்பாதை) போட்டால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணாகி, பாக்கெட் (அனுப்பும் தகவல் துண்டு) கடையை விட்டே வெளியே போகாது. உங்கள் கிளவுட் நிறுவனம் எண்ணைத் தேர்வு செய்ய விட்டால் 10.37.14.0/24 மாதிரி யாரும் எளிதில் யோசிக்காத ஒன்றை எடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி போன் அடித்தார். “தம்பி, பில்லு போட மாட்டேங்குது, கடை நெறைய ஆளு நிக்குது.” சர்வரை யாரும் தொடவில்லை என்றார், அது உண்மைதான். முந்தின ராத்திரி பராமரிப்புக்காக சர்வர் ரீபூட் ஆகியிருந்தது. அமைத்துக் கொடுத்தவர் பிரைவேட் ஐபியைக் கட்டளையாகக் கையால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படிக் கொடுப்பது ரீபூட் வரைக்கும்தான் தங்கும். ஃபைலில் எழுதி வைத்தால்தான் நிலைக்கும், அந்த ஃபைல்தான் ஒவ்வொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது.

உபுண்டு லினக்ஸில் அது நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கருவியின் ஃபைல். ஏற்கெனவே அங்கே இருக்கும் கிளவுட்-இனிட் (கிளவுட் சர்வரைத் தானே அமைக்கும் நிரல்) ஃபைலில் கை வைத்தால் அது பிறகு உங்கள் மாற்றத்தை அழித்துவிடக்கூடும், அதனால் தனி ஃபைல் போடுங்கள். இடைவெளிக்கு டேப் அடிக்கக் கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். எழுதியதும் ‘நெட்பிளான் டிரை’ கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். தொலைவில் இருந்து வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. ராக்கி, அல்மா லினக்ஸில் என்எம்சிஎல்ஐ என்ற கட்டளை போதும், பிரைவேட் கார்டுக்கு ‘நெவர்-டிஃபால்ட்’ என்ற அமைப்பை ‘யெஸ்’ ஆக்க மறக்காதீர்கள்.

காரணம் கேட்வே, அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி. பிரைவேட் கார்டில் ஐபி, சப்நெட் மாஸ்க் இரண்டே போதும், கேட்வே கட்டம் காலியாகவே இருக்கட்டும். அதையும் நிரப்பினால் வெளியே போகும் வழி இரண்டாகி, பதில் எந்தக் கார்டில் போகும் என்று சொல்ல முடியாது. சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது, ராத்திரி முழுக்க உட்கார வைக்கும். விண்டோஸ் சர்வராவது இப்படிச் செய்தால் எச்சரிக்கை காட்டும். ஆனால் அதைப் படிக்காமலே ‘யெஸ்’ தட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கேட்வே இல்லாத கார்டை விண்டோஸ் ‘அடையாளம் தெரியாத நெட்வொர்க்’ என்று பப்ளிக் வகையில் சேர்த்துவிடும், வேண்டாத இணைப்பைத் தடுக்கும் ஃபயர்வாலும் இறுகிவிடும். உடனே ஃபயர்வாலையே அணைத்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் என்றால் அதன் போர்ட் 1433-ஐப் பில்லிங் சர்வரின் பிரைவேட் ஐபிக்கு மட்டும் திறக்கும் ஒரு விதி எழுத இரண்டு நிமிஷம் ஆகாது.

பிங் போகிறது, சின்ன பில் ஓடுகிறது, மாதாந்திர அறிக்கை மட்டும் தொங்குகிறது என்றால் எம்டியூ-வை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். சில கிளவுட் நிறுவனங்களின் பிரைவேட் நெட்வொர்க்கில் அது வழக்கமான 1500 பைட் இல்லை, 1450.

அப்புறம் முக்கியமான வேலை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் அமைப்பில், எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்று சொல்லும் பைண்ட்-அட்ரஸ் வரியில் பலர் 0.0.0.0 என்று போட்டிருப்பார்கள். அதற்கு ‘எல்லாக் கார்டிலும் கேள்’ என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு டேட்டாபேஸ் சர்வரின் பிரைவேட் ஐபியைப் போடுங்கள். சரி, மாற்றியாச்சு. இப்போது லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, பப்ளிக் ஐபியில் மைஎஸ்க்யூஎல்லின் போர்ட் 3306-ஐத் தட்டிப் பாருங்கள். உங்கள் ஹோஸ்டுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தால் சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பதிலைச் சொல்வதே மைஎஸ்க்யூஎல்தான், பாக்கெட் அதுவரை போய்விட்டது என்று அர்த்தம். இணைப்பே கிடைக்காமல் போவதுதான் சரியான விடை.

உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூ-வில் மூடிய பிறகும் பதில் வருகிறதா? டேட்டாபேஸ் டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) ஓடுகிறதா என்று பாருங்கள். டாக்கர் பப்ளிஷ் செய்யும் போர்ட் யூஎஃப்டபிள்யூ-வைத் தாண்டித் திறந்துவிடும். போர்ட் எண்ணுக்கு முன்னால் பிரைவேட் ஐபியையும் சேர்த்து எழுதினால் அது அந்தக் கார்டில் மட்டும் திறக்கும்.