ஸ்லிக் வேறு, மொட்டை வேறு

"அண்ணே, டயர் ஸ்லிக் மாதிரி ஆயிருச்சு. ரோட்டை நல்லாப் பிடிக்கும்ல?" டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேட்டுப் பகுதி) தேய்ந்துபோன வண்டியோடு எங்கள் பட்டறைக்கு வருகிற தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. ஃபார்முலா ஒன் பார்க்கிறவர்கள் மதுரையில் இப்போது நிறைய. அந்தப் பந்தயத்துச் சொற்கள் காளவாசல் வரைக்கும் வந்துவிட்டன. வந்ததில் தப்பில்லை, வருகிற வழியில் பொருள் மாறிவிட்டதுதான் சிக்கல்.

ஸ்லிக் என்பது புதிதாகவே பள்ளம் இல்லாமல் வார்த்த டயர். ரப்பர் மெத்தென்று இருக்கும். மாட்டுவதற்கு முன்பே மின்போர்வை சுற்றிச் சூடேற்றி வைப்பார்கள். சூட்டில் இளகி, முழுப் பரப்பும் தரையில் படிவதால்தான் அந்தப் பிடிமானம். மொட்டை டயரில் மிஞ்சியிருப்பது காய்ந்து இறுகிப்போன அடி ரப்பர், அதற்குக் கீழே கம்பிப் பின்னல். இரண்டும் வழுவழுப்பாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு உறவு கிடையாது.

ஸ்லிக்கையேகூட மழை வந்தால் கழற்றிவிடுகிறார்கள். லேசான ஈரத்துக்குப் பச்சைக் கோடு போட்ட இன்டர்மீடியட், கொட்டுகிற மழைக்கு நீலக் கோடு போட்ட ஃபுல் வெட். 300 கி.மீ. வேகத்தில் இந்த ஃபுல் வெட் டயர் ஒன்று நொடிக்கு 85 லிட்டர் வரை தண்ணீரை ஒதுக்கும் என்பது ஃபார்முலா ஒன்னுக்கு டயர் கொடுக்கும் பிரெல்லி கம்பெனி சொல்லும் கணக்கு. ஒதுக்குவது அந்தப் பள்ளங்கள்தான். பள்ளம் இல்லையென்றால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். அதற்குப் பெயர் அக்வாபிளேனிங். ரிங் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஸ்டியரிங் திடீரென்று பஞ்சு மாதிரி லேசானால் அதுதான். பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் வேகம் குறைந்து டயர் தரையைத் தொடும்.

டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்து அல்லது சின்ன முக்கோணம் இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். கார் டயரில் அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மேட்டுக்குச் சமமானால் டயர் முடிந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தாலே மாற்றிவிடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

அடுத்தது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். வளைவில் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் இறங்கும்போது, சாய்ந்திருக்கும் அந்த டயர் தட்டையாகத் தரையில் படியும். பந்தயத்தில் முன்சக்கரத்துக்கு மூன்று டிகிரி வரைகூட வைப்பது இதற்காகத்தான். நம் வண்டி ஓடுவது பெரும்பாலும் நேர்ச்சாலையில். அங்கே சாய்ந்த டயரின் உள்விளிம்புக்குத்தான் பாரம் முழுவதும். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறவர்களுக்கு இது தானாகவே வந்துவிடும், கூடவே டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும் மாறும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, டார்ச் அடித்து உள்விளிம்பைப் பாருங்கள். கம்பி அங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும்.

உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப் பல் போலக் கீறினால் கோளாறு டோவில். இரண்டு சக்கரங்களும் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கின்றன, டயர் உருண்டுகொண்டே தேய்த்து இழுக்கப்படுகிறது. இதை டை ராடில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) திருகிச் சரிசெய்யலாம். பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கக் கேம்பரைத் திருக வழியே கிடையாது. அலைன்மென்ட் மிஷினில் கேம்பர் சிவப்பாகக் காட்டினால், வண்டியைத் தாழ்த்தாதவர்களுக்கு, ஏதோ குழியில் விழுந்து சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். வளைந்திருந்தால் அந்தப் பாகத்தை மாற்றவேண்டும். ஜாக்கி வைத்து நெம்பிக் கணக்கைப் பச்சையாக்கித் தருகிற வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காற்றைக் குறைத்தால் கிரிப் கூடும் என்பதும் பந்தயத்திலிருந்து வந்த பேச்சுதான். அங்கே அணிகள் குறைக்கப் பார்ப்பது உண்மை. அதனால்தான் ஒவ்வொரு பந்தயத்துக்கும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று பிரெல்லி அளவு வைக்கிறது. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், அந்தச் சூட்டில் ரப்பரும் பின்னலும் பிரியும். அக்னி நட்சத்திர வெயிலில், ஐந்து பேரும் லக்கேஜுமாகத் திருநெல்வேலி நாலுவழிச் சாலையில் போகிற வண்டியின் டயர் வெடிக்க இது போதும். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள்.

டயர் தாங்காது என்றால் பந்தயக்காரர்களே வண்டியை நிறுத்திவிடுவார்கள். 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். அன்றைக்கு ஓடியவை ஆறே கார்கள். மிஷெலின் டயர் போட்ட பதினான்கு கார்களும் பந்தயம் தொடங்குமுன் ஓடும் ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும், வண்டியை நிறுத்திப் பழுதுபார்க்கும் பிட்டுக்குள் போய்விட்டன. 13-ஆவது வளைவை அந்த டயர் தாங்காது என்று டயர் கம்பெனியே சொல்லியிருந்தது.

அண்டர்கட், பாக்ஸ் பாக்ஸ் எல்லாம் பிட் ஸ்டாப் சம்பந்தப்பட்ட பேச்சு, நமக்குத் தேவையில்லை. ஸ்லிப்ஸ்ட்ரீம் (முன்வண்டியின் காற்று மறைவில் ஓட்டுவது) என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸின் பின்பம்பரை ஒட்டிப் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: முன்னால் கிடக்கும் குழி பஸ் டிரைவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

கொடைக்கானல் போய் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பிரேக் ஃபேட், அதாவது சூட்டில் பிரேக் பிடிக்காமல் போவது. பந்தயக் காரின் கார்பன் டிஸ்க் சூடானால்தான் வேலையே செய்யும், ஆயிரம் டிகிரி வரை தாங்கும். நம்முடையது வார்ப்பிரும்பு. வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே வந்தால் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலும் கொதிக்கும். டாட் 3 என்ற தரத்துப் புது ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகி பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். தீய்ந்த வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணும், வெடிப்பும் விடும்.

பழுதான காருக்குப் பந்தயத்தில் ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடி காட்டுவார்கள், உடனே பிட்டுக்கு வந்தாக வேண்டும். உங்கள் டேஷ்போர்டில் அது சிவப்பு பிரேக் விளக்கு. ஹேண்ட் பிரேக் இறக்கியும் அது எரிந்தால் ஆயில் குறைந்திருக்கலாம். பேட் தேயத்தேய ஆயில் மட்டம் இறங்கும், இல்லையென்றால் எங்கேயோ கசிகிறது. பேட்டைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும். பேட் தேய்ந்தபடியேதான் இருக்கும்.